பாண்டவர் கட்டாத கோயில்கள்

வேங்கடத்து அடிவாரம் – 4

பிலிப் மெடோஸ் டெய்லர் என்ற ஆங்கிலேயர் ஹைதராபாத் நிஜாமிடம் பணியாற்றியவர். இன்றைய கர்நாடகத்தின் வடகிழக்கில் உள்ள சுரபுரம் என்ற சிறிய சமஸ்தானத்தைப் பல ஆண்டுகள் நிர்வகித்தார். தக்குக் கொள்ளையரைப் பற்றி 1839இல் அவர் எழுதிய நாவல் அவருக்கு லண்டனில் பெரும்புகழ் தேடித் தந்தது. நமக்கு வேண்டியது அவருடைய இன்னொரு வேலை. பீமா ஆற்றுப் பக்கத்துப் பாறைவெளிகளில் கேட்பாரற்றுக் கிடந்த பழைய கல்லறைகளை அவர் திறந்து பார்த்தார். புதையல் தேடுபவர்போல் வாரி இறைக்காமல், மண்ணை அடுக்கடுக்காக எடுத்து, எந்த ஆழத்தில் என்ன கிடந்தது என்று படம் வரைந்து வைத்தார். பிறகு அயர்லாந்துக்குத் திரும்பி, 1860களில் டப்ளின் ராயல் ஐரிஷ் அகாதமியின் ஏட்டில் அதை விரிவான கட்டுரையாக வெளியிட்டார். அக்கல்லறைகள் யாருடையவை என்பதற்குத் தலைப்பிலேயே மூன்று விடைகளை அவர் வைத்திருந்தார்: கெல்ட்டியர், ட்ரூயிடுகள், சித்தியர்.

தக்காணத்துப் பாறையில் கெல்ட்டியர் எங்கிருந்து வந்தார்கள்? டெய்லர் இடத்திலிருந்து பார்த்தால் அந்த எண்ணம் வந்தது இயல்புதான். நிமிர்ந்து நிற்கும் பலகைக் கற்கள், மேலே மூடுகல், ஒரு பக்கக் கல்லில் வட்டமான துளை, சுற்றிலும் கல்வட்டம். இதே அமைப்பை அவரால் அயர்லாந்திலும் வேல்ஸிலும் பார்க்க முடிந்தது. அங்கே அவற்றைக் கட்டியவர்கள் கெல்ட்டியரின் பூசாரிகளான ட்ரூயிடுகள் என்று படித்தவர்கள் எல்லாரும் நம்பினார்கள். ஸ்டோன்ஹெஞ்ச் ட்ரூயிடுகளின் கோயில் என்று வில்லியம் ஸ்டுக்லி 1740இல் எழுதிய புத்தகம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அந்த நம்பிக்கையை வளர்த்து வந்தது. அங்கே கட்டியவர்கள்தான் இங்கேயும் கட்டியிருக்க வேண்டும் என்று டெய்லர் முடிவுகட்டினார்.

பிற்கால ஆய்வு அந்த முடிவை இரண்டு முனையிலும் உடைத்தது. ஸ்டோன்ஹெஞ்சின் பெருங்கற்கள் நிறுத்தப்பட்டது கி.மு. 2500 வாக்கில். கெல்ட்டியர் என்ற பெயர் கிரேக்க எழுத்தில் முதலில் தலைகாட்டுவது கி.மு. 500ஐ ஒட்டி. கெல்ட்டியருக்கே அந்தக் கற்கள் இரண்டாயிரம் ஆண்டுப் பழங்கதை. தென்னிந்தியக் கல்லறைகளிலோ இரும்பு கிடக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை கிறிஸ்துவுக்கு முந்தைய ஓராயிரம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. கெல்ட்டியர் ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே இரும்பு உருக்கிக்கொண்டிருந்த அதே நூற்றாண்டுகளில்தான் சித்தூர்க் குன்றுகளில் இந்தக் கற்பலகைகள் நிறுத்தப்பட்டன. டெய்லர் சூட்டிய பெயர் பிழை. காலம் மட்டும் அவரே அறியாமல் பொருந்திவிட்டது.

ஆகவே இந்த அத்தியாயத்தில் இரண்டு மக்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் போகிறோம். ஒருவரிடமிருந்து மற்றவர் வந்தார் என்று காட்டுவதற்காக அல்ல. ஒரே காலத்தில், ஒரே உலோகத்தைக் கையில் எடுத்த இரண்டு ஊர்க்காரர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று பார்க்கும்போது, நம் மண்ணில் கிடக்கிற கல்லும் ஓடும் சற்று உரக்கப் பேசும் என்பதற்காக.

சென்ற அத்தியாயத்தில் ரேணிகுண்டாவின் ராள்ளகாலவா ஓடைப் பக்கம் நின்றோம். அங்கே எம்.எல்.கே. மூர்த்தி 1960களில் கண்டெடுத்த பழைய கற்கால அலகுகளையும் கூர்முனைக் கருவிகளையும் பார்த்தோம். அந்தக் கல் கத்திகளுக்கும் இன்று பேசப்போகும் இரும்புக் கத்திகளுக்கும் இடையே பல்லாயிரம் ஆண்டுகள். இடம் மட்டும் மாறவில்லை. ஒரு பக்கம் சேஷாசலம், இன்னொரு பக்கம் நகரி மலைகள், நடுவே சுவர்ணமுகி. கடற்கரைச் சமவெளியிலிருந்து மேட்டு நிலத்துக்கு ஏற விரும்பும் எவரும் அன்றும் இன்றும் இந்த வாயிலைத் தேடித்தான் வர வேண்டும். சென்னையிலிருந்து மும்பை போகிற ரயில் ரேணிகுண்டாவில் நின்றுவிட்டுப் போவதும் அதனால்தான்.

பழைய ஆவணங்களைத் தேடுபவருக்கு ஒரு குறிப்பு. சித்தூர் மாவட்டம் 1911இல்தான் பிறந்தது. அதுவரை இப்பகுதி வட ஆற்காட்டில் இருந்தது. திருப்பதி மாவட்டம் 2022 ஏப்ரலில் பிரிந்தது. எனவே பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குறிப்புகளில் இந்தக் கல்லறைகள் எல்லாம் வட ஆற்காட்டுக் கணக்கில் கிடக்கும். சென்னைப் படையைச் சேர்ந்த கேப்டன் நியூபோல்டு சித்தூருக்கு அருகே பார்த்த பெரிய ஈமக்காட்டைப் பற்றி எழுதிய கட்டுரை, அவர் இறந்த பிறகு 1852இல் லண்டன் ராயல் ஏஷியாட்டிக் சொசைட்டி ஏட்டில் வந்தது. பலமநேர்ப் பக்கத்து இரளபண்டாவில் உள்ள கற்திட்டைகள் அறிஞர்களிடையே தனிப் பெயர் பெற்றவை. அங்கே திட்டையைச் சுற்றி நிற்கும் பலகைக் கற்களின் தலைப்பகுதி வளைவாகச் செதுக்கப்பட்டிருக்கும். அடக்கத்துக்குக் கல் நட்டால் போதும் என்று நினைத்தவர்கள் அந்த வளைவைச் செதுக்கியிருக்க மாட்டார்கள். திருப்பதிக்கு இன்னும் அருகே, சந்திரகிரியிலிருந்து எட்டும் தொலைவில், மல்லய்யபள்ளிக் குன்றில் தூண்கள் தாங்கிய ஒரு கற்திட்டை இருக்கிறது. ஊரார் அதைப் பாண்டவ குள்ளு என்கிறார்கள், பாண்டவர் கோயில்கள் என்று பொருள். தமிழ்நாட்டில் இவற்றுக்குப் பாண்டவர் குழி என்றும் வாலியர் வீடு என்றும் குரங்குப்பட்டடை என்றும் பெயர். ஆந்திரத்தின் வேறு பக்கங்களில் ராட்சச குள்ளு என்பார்கள். மனிதர் கட்டியிருப்பார்கள் என்று மட்டும் யாரும் நினைக்கவில்லை. அவ்வளவு பெரிய கல்!

அந்தக் கல்லை எப்படி எடுத்தார்கள் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். நம் பக்கத்துக் கருங்கல் பாறை வெயிலிலும் மழையிலும் வெங்காயத் தோல்போல் அடுக்கடுக்காக விடும் தன்மையுள்ளது. அப்படி மேலடுக்கு லேசாகத் தளர்ந்திருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் முதல் திறமை. தட்டிப் பார்த்தால் சத்தத்திலேயே தெரியும். கெட்டியான பாறை கணீரென்று ஒலிக்கும், அடியில் விட்டுப்போன பாறை மந்தமாக ஒலிக்கும். இன்றும் கல் உடைப்பவர்கள் முதலில் செய்வது இதைத்தான். பிறகு வேண்டிய அளவுக்கு விறகை வரிசையாகப் பரப்பி நெருப்பு மூட்டுவார்கள். சூட்டில் மேலடுக்கு விரியும், அடியடுக்கு விரியாது. இரண்டுக்கும் இடையே பிளவு ஓடும். தேவைப்பட்டால் தண்ணீர் ஊற்றிப் பிளவை விரைவுபடுத்தலாம். ஓரத்தில் இரும்பு உளியால் குழி வெட்டி ஆப்பு இறக்கினால் பலகை நேர்கோட்டில் பிரியும். ஒரு சாண் கனமே உள்ள, ஆளைவிட உயரமான பலகைகள் இப்படித்தான் கிடைத்தன. நான்கு பலகைகளை ஒன்றின் தோளில் மற்றொன்று சாயும்படி சுழற்சியாக நிறுத்தினால், மண் தள்ளினாலும் உள்ளே விழாது. அதற்கு மேல் மூடுகல். மண்ணைச் சரிவாகக் கொட்டி, உருளை மரத்தின் மேல் இழுத்து ஏற்ற வேண்டும். ஒரு குடும்பத்தால் ஆகிற வேலை இல்லை இது. ஒரு சாவுக்கு ஊரே கூடி உழைத்தது என்பதை அந்த மூடுகல்லே சொல்கிறது.

பக்கக் கல்லில் வட்டத் துளை போட்டிருப்பார்கள். ஒரு சிறுவன் உடலைக் குறுக்கி நுழையக்கூடிய அளவு. இரும்பு முனையால் கொத்திக் கொத்தி, பல நாள் உழைப்பில் போட்ட துளை. ஒருமுறை அடைத்து மூடிவிடுவதற்கு இவ்வளவு பாடு எதற்கு? திரும்பத் திரும்பத் திறக்க வேண்டியிருந்தது. தென்னிந்தியாவில் இத்தகைய அறைகள் பலவற்றில் ஒன்றுக்கு மேற்பட்டவரின் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. உடலை முதலில் வேறெங்கோ கிடத்தி, எலும்பு மட்டும் எஞ்சிய பிறகு பொறுக்கி எடுத்து வந்து இங்கே வைத்திருக்கிறார்கள். அப்பனுக்குப் பக்கத்தில் மகனும் மாமியாருக்குப் பக்கத்தில் மருமகளும் வந்து சேர்ந்திருக்கலாம். இறந்தவர் உறவை விட்டுப் போகவில்லை.

உள்ளே எலும்போடு வைத்த பானைகளை ஒருமுறை கையில் எடுத்தவர் மறக்க மாட்டார். உள்பக்கமும் வாய்விளிம்பும் கரிய நிறம்; வெளிப்பக்கம் அடியில் செங்காவி நிறம்; இரண்டுக்கும் நடுவே தேன் நிறத்தில் ஒரு கலங்கல். தோல்போல் வழவழப்பு. சாயம் பூசியதல்ல அது. பானை காயும் முன்பே கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றிவிட்டு, சூளையில் தலைகீழாகக் கவிழ்த்து அடுக்கியிருக்கிறார்கள். கவிழ்ந்த வாய் சாம்பலிலும் தழையிலும் புதைந்திருக்கும். அங்கே காற்று போகாது, கரி ஏறும். வெளிப்பக்கத்தில் காற்றுப் படுவதால் மண்ணில் உள்ள இரும்புச் சத்து சிவந்துவிடும். ஒரே சூட்டில் இரண்டு நிறம். விதர்ப்பாவிலிருந்து தாமிரபரணி வரைக்கும் இந்தப் பானை ஓடு ஒன்றுதான் இந்த மக்களின் முத்திரை. ரேணிகுண்டாவைச் சுற்றி உழுத நிலத்தில் இத்தகைய ஓடு கண்ணில் பட்டால், அதை எறியாமல் ஒரு நிமிடம் திருப்பிப் பாருங்கள் என்று வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இனி ஆல்ப்ஸ் பக்கம் போவோம். மெடோஸ் டெய்லர் பீமா கரையில் தோண்டிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட் என்ற ஏரிக்கரை ஊரில் யோஹான் கேயோர்க் ராம்சாயர் என்ற சுரங்க அதிகாரி ஒரு பழைய இடுகாட்டைத் திறந்துகொண்டிருந்தார். 1846 முதல் 1863 வரை ஏறத்தாழ 980 கல்லறைகள். அங்கே மலைக்குள் உப்பு. கி.மு. எட்டாம் நூற்றாண்டிலிருந்து அந்த உப்பை வெட்டி விற்றுப் பணக்காரர் ஆனவர்களின் கல்லறைகள் அவை. உப்பு, சுரங்கத்துக்குள் விழுந்த பொருளைக் கெடவிடாது. கட்டம் போட்ட கம்பளித் துணி, தோல் மூட்டை, மரக் கரண்டி, எரிந்த பந்தக்குச்சி எல்லாம் நிறம்கூட மாறாமல் கிடைத்தன. நம் சிவப்பு மண்ணும் வெயிலும் மழையும் துணியையும் மரத்தையும் விட்டுவைப்பதில்லை. அதனால் ஐரோப்பிய இரும்புக்காலத்தவர் உடுத்தி நிற்பதுபோலவும் நம்மவர் வெறும் பானையும் இரும்பும் வைத்திருந்ததுபோலவும் ஒரு தோற்றம் வந்துவிடுகிறது. அது மண்ணின் வேலை.

சாப்பாட்டு விஷயத்தில் இரு பக்கமும் ஒத்துப்போகிற இடங்கள் உண்டு. கெல்ட்டிய விவசாயி கோதுமையும் வாற்கோதுமையும் விதைத்தார். மாடு, ஆடு, பன்றி வளர்த்தார். பன்றி இறைச்சியை உப்பிட்டுப் பத்திரப்படுத்தினார். தென் இங்கிலாந்தின் டேன்பரிக் குன்றுக் கோட்டையில் பாரி கன்லிஃப் 1969 முதல் இருபது ஆண்டுகள் தோண்டி, நிலத்தில் வெட்டிய தானியக் குழிகளை ஆயிரக்கணக்கில் வெளிக்கொண்டு வந்தார். வாயை மண்ணால் பூசி அடைத்தால் உள்ளே காற்று தீர்ந்து, தானியம் அடுத்த விதைப்பு வரை கெடாமல் இருக்கும். நம் தாத்தாக்கள் நெல்லுக்கும் சோளத்துக்கும் குழி வெட்டி வைத்த அதே முறை. வட்டமான வீடு, தட்டிச் சுவரில் மண் பூச்சு, மேலே கூரை, நடுவே அடுப்பு. சமையலறை வேலையை மாற்றிய ஒரு கருவி அக்காலத்தில்தான் அங்கே பரவியது: திருகை.

நம் பக்கம் திருப்பத்தூர் மாவட்டத்துப் பையம்பள்ளியில் கரிந்துபோன கொள்ளும் பச்சைப்பயறும் கேழ்வரகும் கிடைத்தன. சித்தூர், திருப்பதிப் பக்கத்தில் இன்றைக்கும் ராகிச் சங்கடிக்கு (நம் களிக்கு) மவுசு குறையவில்லை. கொள்ளு ரசம் மழைக்காலத்து மருந்து. தாமிரபரணிக் கரையில் சிவகளையில் தாழிக்குள் இருந்த நெல் கி.மு. 1155 என்று கணிக்கப்பட்டது. ஆக, வறண்ட மேட்டில் ராகியும் பயறும், ஆற்றங்கரையில் நெல்லும். கல்லறைகளில் கிடைத்த இரும்பில் வாளும் வேலும் இருக்கின்றன; கூடவே அரிவாள், மண்வெட்டி, கோடரி, அம்புமுனை, குதிரையின் கடிவாள வளையம். செத்தவர் கையில் அரிவாளைக் கொடுத்து அனுப்பிய மக்கள் இவர்கள். போன இடத்திலும் அறுவடை இருக்கும் என்று நம்பியிருக்கிறார்கள்.

வேறுபாடும் பெரியது. ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் அருகே ஹோக்டார்ஃபில் 1978இல் தோண்டிய ஒரு தலைவனின் கல்லறை கி.மு. 530 வாக்கைச் சேர்ந்தது. ஏறத்தாழ 40 வயது மனிதர் வெண்கலக் கட்டிலில் படுத்திருந்தார். காலணியில்கூடப் பொன் தகடு. கால்மாட்டில், 400 லிட்டர் தேன்மது ஊற்றி வைத்த கொப்பரை. பிரான்ஸின் விக்ஸ் ஊரில் 1953இல் வெளிவந்த கல்லறையில் ஒரு பெண். அவளோடு கிரேக்கர் செய்த, 1.64 மீட்டர் உயரமுள்ள வெண்கல மதுக்கலம். தென்னிந்தியக் கல்லறைகளிலும் செல்வம் இல்லாமல் இல்லை. ஆதிச்சநல்லூரில் பொன் நெற்றிப்பட்டம் கிடைத்தது. கொடுமணலில் ஒரே கல்லறையில் இரண்டாயிரத்துக்கும் மேல் சூதுபவள மணிகள். ஆனால் ஒரே மனிதருக்காக ஊரின் செல்வத்தை அப்படிக் கொட்டிப் புதைத்த வழக்கம் இங்கே இல்லை. உழைப்பு கல்லில் போயிற்று, அந்தக் கல்லுக்குள் பலர் சேர்ந்து படுத்தார்கள். இந்த வேறுபாட்டை நான் பெருமையாகவே பார்க்கிறேன்.

கெல்ட்டியரின் அன்றாட வாழ்க்கையை நாம் அறிவது பெரும்பாலும் அயலார் எழுத்தால். சுண்ணாம்பு நீரால் முடியை விறைக்க வைப்பார்கள், மீசை மதுவில் நனையும், கழுத்தில் முறுக்குப் பொன்வளையம், காலுக்குச் சல்லடம், விருந்தில் சிறந்த இறைச்சித் துண்டுக்காக வாள் உருவிச் சண்டை. டையோடோரஸ் முதலான கிரேக்கர்கள் இப்படியெல்லாம் எழுதி வைத்தார்கள். ட்ரூயிடுகள் தங்கள் கல்வியை எழுதி வைக்காமல் மனப்பாடமாகவே கடத்தினார்கள், சிலர் 20 ஆண்டுகள் படித்தார்கள் என்று சொன்னவர் அவர்களை அடக்கிய ஜூலியஸ் சீசர். எதிரி எழுதிய சாட்சியத்தை வைத்துத்தான் அவர்களுக்கு முகம் வரைய வேண்டியிருக்கிறது.

வேங்கடத்து மக்களுக்கு அந்தக் கதி இல்லை. கற்திட்டைக் காலத்தின் கடைசி நூற்றாண்டுகளும் சங்கப் பாடல்களின் காலமும் ஒன்றையொன்று தொடுகின்றன. தமிழகத்தின் வட எல்லை வேங்கடம். அங்கே கள்வர் கோமான் புல்லி. அதற்கும் அப்பால் வேற்றுமொழி நாடு. மாமூலனார் அகநானூற்றில் புல்லியின் நாட்டைத் திரும்பத் திரும்பப் பாடுகிறார். யானைத் தந்தமும் கள்ளும் நெல்லும் கைமாறுகிற சந்தை அந்தப் பாட்டுகளில் தெரிகிறது. மலையில் வேட்டையாடுபவர் தந்தம் வைத்திருக்கிறார். ஆற்றங்கரையில் இருப்பவர் நெல் வைத்திருக்கிறார். டையோடோரஸ் கெல்ட்டியரைப் பற்றிச் சொல்வதை இதோடு சேர்த்துப் பாருங்கள்: இத்தாலிய வணிகர் ஒரு சாடி மது கொடுத்தால், பதிலுக்கு ஓர் அடிமையைக் கொடுத்துவிடுவார்களாம். வேங்கடத்தில் கள்ளுக்குக் கைமாறியது தந்தம், அங்கே மனிதன்.

பாணர் உறவும் அப்படித்தான். கெல்ட்டியத் தலைவர்களின் விருந்தில் யாழ் போன்ற கருவியோடு பாடிப் புகழ்ந்தும் இகழ்ந்தும் பிழைத்த பாடகர்களைக் கிரேக்கர் பதிவு செய்திருக்கிறார்கள். அவர்கள் பாட்டு ஒன்றுகூட மிஞ்சவில்லை. வேங்கடத்துத் தலைவன் ஆதனுங்கனைக் கள்ளில் ஆத்திரையனார் பாடிய பாட்டு புறநானூற்றில் நம் கையில் இருக்கிறது. அதே புறநானூற்றில் கணவனை இழந்த ஒரு பெண், தனக்கும் சேர்த்து இடம் இருக்கும்படி தாழியை அகலமாக வனையச் சொல்லிக் குயவனைக் கேட்கிறாள். ஹோக்டார்ஃபின் பொன் காலணி இதைச் சொல்லாது.

பரவல் விஷயத்துக்கு வருவோம். டெய்லரின் பிழை உண்மையில் அங்கேதான் தொடங்குகிறது. ஒரே மாதிரிக் கல்லறை இரண்டு ஊரில் இருந்தால், ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு ஆள் படை போயிருக்க வேண்டும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு நினைத்தது. கெல்ட்டியரிடம் அப்படிப் படை போனதற்கு உண்மையான சான்றுகள் உண்டு. கி.மு. 390ஐ ஒட்டி அவர்கள் ரோமைச் சூறையாடினார்கள். கி.மு. 279இல் கிரேக்கரின் புனிதத் தலமான டெல்ஃபி வரை வந்தார்கள். அடுத்த ஆண்டு ஒரு பிரிவினர் கடல் கடந்து இன்றைய துருக்கியின் நடுப்பகுதியில் குடியேறினார்கள். விவிலியம் படித்தவர்களுக்கு அவர்களைத் தெரியும்: பவுல் அடிகளார் கடிதம் எழுதிய கலாத்தியா அவர்கள் பெயரால் வந்த நாடு. பாரிஸ் நகரத்தின் பெயர் பரிசீ என்ற கெல்ட்டியக் குலத்தின் பெயர். ஆனால் எல்லா இடத்துக்கும் படை போகவில்லை. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் இரும்புக்காலத்துப் பெரும் படையெடுப்புக்கு மண்ணில் தடயம் இல்லை. அங்கே போனது பெரும்பாலும் வாள் வடிவமும் நகை வேலைப்பாடும் வழக்கமும்தான் என்று இன்றைய ஆய்வாளர் பலர் சொல்கிறார்கள்.

இந்தியாவில் இதே கேள்வியைச் சந்தித்தவர் மார்டிமர் வீலர். அவர் 1934 முதல் 1937 வரை இங்கிலாந்தின் மெய்டன் காசில் என்ற கெல்ட்டியக் குன்றுக் கோட்டையைத் தோண்டியவர். இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராக வந்து 1945இல் அரிக்கமேட்டையும் 1947இல் கர்நாடகத்துப் பிரம்மகிரியையும் தோண்டினார். பிரம்மகிரியில் கற்கோடரி மக்களுக்கு மேல் அடுக்கில் இரும்பும் கல்லறைகளும் வந்தன. இரும்பைக் கொண்டுவந்த புதியவர்கள் கி.மு. 200 வாக்கில் நுழைந்தார்கள் என்று அவர் கணக்குப் போட்டார். படையெடுப்பில் அழிந்ததாக அவர் நம்பிய கோட்டையைத் தோண்டிய கண், இங்கேயும் படையெடுப்பைத் தேடிற்று.

வீலரின் ஆண்டுக்கணக்கு இன்று நிற்கவில்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்பு கிடைத்த அடுக்கின் காலம் கி.மு. 2172 என்று வந்தது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட 'இரும்பின் தொன்மை' அறிக்கை, சிவகளை இரும்பின் காலத்தை கி.மு. 3345 வரை கொண்டுபோகிறது. இவ்வளவு பழைய காலக்கணிப்புகளை உலகம் ஏற்க, இன்னும் பல இடங்களில் பல மாதிரிகள் இதையே சொல்ல வேண்டும். அந்த விவாதம் நடக்கட்டும். ஆனால் கி.மு. 200இல் யாரோ குதிரையேறி இரும்பைக் கொண்டுவந்தார்கள் என்ற கதைக்கு இனி இடமில்லை.

இதைவிட எனக்கு வலுவாகப் படும் சான்று கல்லறைகளின் வகைதான். கேரளத்தில் குடைக்கல்லும் பாறையைக் குடைந்த குகையும். தாமிரபரணியில் தாழி. செங்கல்பட்டுப் பக்கம் சாணூரிலும் குன்னத்தூரிலும் கால்கள் வைத்த சுடுமண் ஈமப்பேழை. கடப்பை மாவட்டம் சங்கவரத்தில் கிடைத்த பேழை ஆட்டுக்கடாவின் உருவில் இருக்கிறது. சென்னை அரசு அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். சித்தூரில் தலை வளைந்த பலகைக் கற்கள். ஊருக்கு ஊர் சவத்தை வைக்கும் விதம் வேறு. கருப்பு-சிவப்புப் பானையும் இரும்பும் மட்டும் எல்லாருக்கும் பொது. ஒரே கூட்டம் நடந்து வந்து குடியேறியிருந்தால் செத்தவரைப் புதைக்கும் முறையைத்தான் கடைசி வரை கெட்டியாகப் பிடித்திருக்கும். இங்கே தலைகீழாக இருக்கிறது. பையம்பள்ளியில் புதிய கற்கால வீடுகளுக்கு மேலேயே இரும்புக்கால வாழ்க்கை தொடர்கிறது. ஏற்கெனவே இங்கே ஆடு மாடு மேய்த்து, கொள்ளு விதைத்துக்கொண்டிருந்தவர்கள்தான் இரும்பைக் கற்றுக்கொண்டார்கள். ஒருவரிடமிருந்து ஒருவர் கற்று, அவரவர் வழியில் இறந்தவருக்குக் கல் நட்டார்கள். பாண்டவரும் கட்டவில்லை, கெல்ட்டியரும் கட்டவில்லை. இந்த மலையடிவாரத்தில் இன்று ராகி விதைக்கிற குடும்பங்களின் முன்னோர் கட்டியிருக்கவே வாய்ப்பு அதிகம்.

அதனால்தான் கல்குவாரிகளைப் பற்றிப் பேசாமல் இந்த அத்தியாயத்தை முடிக்க முடியவில்லை. சித்தூர்க் கருங்கல்லுக்கு நல்ல விலை. ஏற்கெனவே பலகையாகப் பிரித்து நிறுத்தி வைத்த கல், உடைப்பவருக்குப் பாதி வேலை முடிந்த கல். புதையல் இருக்கிறது என்று நம்பி இரவில் மூடுகல்லைப் புரட்டுபவர்களும் இருக்கிறார்கள். உள்ளே பொன் இல்லை. பானை ஓடும் துருப்பிடித்த இரும்பும்தான். அது எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதில்தான் அதன் மதிப்பெல்லாம் இருக்கிறது. ஒருமுறை புரட்டிவிட்டால் அதை யாராலும் திரும்ப எழுத முடியாது. ஊராட்சிக்கு ஒரு பெயர்ப்பலகை, ஒரு கம்பி வேலி, பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கொரு நாள் அங்கே பாடம்: இவ்வளவு போதும், பெரிய செலவு இல்லை.

கெல்ட்டியரும் தென்னிந்தியரும் நேரில் சந்தித்ததற்குச் சான்று இல்லை. ஆனால் அவர்கள் ஊரில் அடித்த காசு நம் ஊருக்கு வந்தது. கி.மு. 52இல் அலேசியாவில் கெல்ட்டியத் தலைவன் வெர்சிங்கெட்டோரிக்ஸ் சரணடைந்ததோடு கெல்ட்டியரின் கால் (Gaul) நாடு ரோமின் கையில் விழுந்தது. லூகஸ் என்ற கெல்ட்டியத் தெய்வத்தின் பெயரைத் தாங்கிய லுக்டூனும் நகரில், இன்றைய லியோனில், ரோமானியர் நாணயச்சாலை வைத்தார்கள். அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து வெள்ளி தெனாரியஸ் காசுகள் அங்கே ஏராளமாக அச்சாயின. மிளகுக்கும் மணிக்கும் துணிக்கும் விலையாக அவை கப்பலேறின. தென்னிந்தியப் புதையல்களில் மிக அதிகமாகக் கிடைக்கும் ரோமானிய வெள்ளிக்காசு இந்த லியோன் காசுகளே. கொங்கு நாட்டில் குடம் குடமாகக் கிடைத்தன. தெலங்கானாவின் அக்கன்பள்ளியில் மட்டும் 1,531. கொடுமணலில் மணி பட்டை தீட்டியவர்களும் கல்வட்டத்துக்குள் தம் பெரியவர்களை வைத்தவர்களும் இருந்த காலத்தின் கடைசிக் கட்டம் அது.

அந்தக் காலத்தை ஒட்டித்தான் ரேணிகுண்டாவுக்குக் கிழக்கே, சுவர்ணமுகிக் கரையில், இன்னொரு கல் நிறுத்தப்படுகிறது. இந்தமுறை இறந்தவருக்காக அல்ல. கையில் ஆட்டுக்கடாவும் தோளில் மழுவும் ஏந்திய உருவத்தை முன்பக்கத்தில் செதுக்கிய லிங்கம் அது. டி.ஏ. கோபிநாத ராவ் அதை உலகுக்கு அறிமுகப்படுத்தினார், 1973-74இல் ஐ.கே. சர்மா அதன் அடித்தளத்தைத் தோண்டிப் பார்த்தார். அடுத்த இதழில் குடிமல்லம் போவோம்.

(தொடரும்)